பிழை பொறுக்கும் எழுத்து

சர்க்கரை நோயால் வருந்துவோர் இல்லாத தெருவே இன்று நம் ஊர்களில் இல்லை எனலாம். அவர்களுள் பலருடைய வீட்டில், குளிர்பதனப் பெட்டியின் கதவோரத்தில், இன்சுலின் குப்பி ஒன்று இருக்கும். நாள்தோறும் ஊசி ஏற்றிக்கொள்ளும் பாட்டியார் அதனை மருந்து என்று மட்டுமே அறிவார். ஆயினும் அந்தச் சிறு குப்பிக்குள் உயிரினங்களின் மிகப் பழைய வரலாறு ஒன்று அடங்கியிருக்கிறது.

1920-களில் இன்சுலின் மருந்தாகப் பயன்படத் தொடங்கியது முதல் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே அது பிரித்தெடுக்கப்பட்டு வந்தது. 1978-இல் அமெரிக்க அறிவியலார் மனித இன்சுலினுக்கு உரிய மரபணுச் செய்தியைச் செயற்கையாக அமைத்து, குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவுக்குள் புகுத்தினர். பாக்டீரியா அச்செய்தியைப் படித்து, மனித இன்சுலினையே ஆக்கித் தந்தது. 1982-இல் அது மருந்தாக ஒப்புதலும் பெற்றது.

இதிலுள்ள வியப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். மனிதனின் முன்னோரும் ஈ.கோலையின் முன்னோரும் பிரிந்து பல நூறு கோடி ஆண்டுகள் ஆகின்றன. மணப்பாட்டில் ஒருவர் எழுதிய கடிதத்தை, தமிழைக் காதால் கேட்டும் அறியாத தொலைதூரத் தீவு ஒன்றில் எவரோ பிரித்து, பிழையின்றிப் படித்து, கேட்ட பொருளையும் அனுப்பி வைத்தாற்போன்றது இது. மனிதனும் பாக்டீரியாவும், தென்னையும் திமிங்கிலமும் ஒரே எழுத்துமுறையில் தம் உடலை எழுதிக்கொள்கின்றன. இந்த எழுத்துமுறையையே மரபுக் குறியீடு என்கிறோம்.

அது எங்கனம் கண்டறியப்பட்டது? ஏன் அது இப்படி அமைந்தது? வேறு விதமாக அமைந்திருக்கக் கூடாதா? இந்த மூன்று வினாக்களின் வரலாறே இக்கட்டுரை.

அழகிய பிழைகள்

டி.என்.ஏ. என்னும் மூலக்கூறு நம் உயிரணுக்களில் மரபுச் செய்தியைத் தாங்கி நிற்கிறது. அதன் இரட்டைச் சுருள் வடிவத்தை 1953-இல் ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் வெளியிட்டனர். அச்சுருளில் நான்கே எழுத்துகள் உள்ளன: ஏ, சி, ஜி, டி. செய்தியை எடுத்துச் செல்லும் ஆர்.என்.ஏ. என்னும் படியில் டி-க்குப் பதிலாக யூ என்னும் எழுத்து வரும். மறுபுறத்தில், உடலைக் கட்டும் புரதங்கள் அமினோ அமிலங்கள் என்னும் 20 வகை மணிகளைக் கோத்த மாலைகள். நான்கு எழுத்துகளைக் கொண்டு இருபது மணிகளைக் குறிப்பது எங்கனம்?

இவ்வினாவை முதலில் கையில் எடுத்தவர் உயிரியலார் அல்லர். இயற்பியலாரான ஜார்ஜ் காமாவ். அண்டத்தின் தோற்றம் குறித்துப் பெருவெடிப்புக் கொள்கையை வளர்த்தவர்களுள் ஒருவர் அவர். ஓர் எழுத்துக்கு ஒரு பொருள் என்றால் நான்கு பொருள்களே கிடைக்கும். ஈரெழுத்துச் சொற்கள் என்றால் 16, அவையும் போதா. மூவெழுத்துச் சொற்கள் என்றால் 64, அவையோ மிகுதி. 1954-இல் காமாவ் ஒரு விளக்கம் தந்தார். டி.என்.ஏ. சுருளின் இடுக்குகளில் வைர வடிவான குழிகள் உள்ளன என்றும், அக்குழிகள் சரியாக இருபது வகைப்படும் என்றும், ஒவ்வொரு வகையிலும் ஓர் அமினோ அமிலம் வந்து பொருந்தும் என்றும் கணக்கிட்டுக் காட்டினார். நண்பர்களைச் சேர்த்து ஆர்.என்.ஏ. கழுத்துப்பட்டைக் கழகம் என்று ஒன்றையும் தொடங்கினார். உறுப்பினர் இருபதின்மர், ஒவ்வொருவருக்கும் ஓர் அமினோ அமிலத்தின் பெயர். விளையாட்டும் வினையும் கலந்த கழகம் அது.

காமாவின் முறையில் ஒரு சொல்லின் எழுத்தே அடுத்த சொல்லுக்கும் பங்காகும். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அப்படியாயின், சில அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரவே இயலாது. ஆனால் உண்மையான புரதங்களில் அவை தாராளமாக அடுத்தடுத்து வந்தன. மூவெழுத்துச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் எக்குறியீடும் பொருந்தாது என்பதை 1957-இல் சிட்னி பிரென்னர் மெய்ப்பித்தார்.

அதே 1957-இல் கிரிக், ஜான் கிரிஃபித், லெஸ்லி ஆர்கெல் ஆகிய மூவரும் மற்றொரு விளக்கத்தை முன்வைத்தனர். அதனைப் புரிந்துகொள்ளப் பனையோலைச் சுவடி உதவும். சுவடிகளில் சொற்களுக்கு இடையே இடைவெளி இராது. மெய்யெழுத்துகளின்மேல் புள்ளியும் பெரும்பாலும் இராது. எங்கே சொல் முடிகிறது என்பதைப் படிப்பவரே உய்த்துணர வேண்டும். டி.என்.ஏ.-வும் அத்தகைய சுவடிதான். உயிரணு அதனைப் பிழையின்றிப் பிரித்துப் படிப்பது எப்படி? தவறாகப் பிரித்தால் பொருளே வாராத சொற்களை மட்டும் இயற்கை தேர்ந்துகொண்டிருக்குமானால், சிக்கல் தீர்ந்தது என்றார்கள் அம்மூவரும்.

கணக்கு மிக எளிது. யூ-யூ-யூ போன்று ஒரே எழுத்து மூன்று முறை வரும் சொற்கள் நான்கு. அவை தொடர்ந்து வந்தால் எங்கும் பிரிக்கலாம் ஆதலின் அவற்றை நீக்க வேண்டும். எஞ்சியவை 60. ஏ-சி-ஜி என்பது பொருளுள்ள சொல்லாயின், அதனைச் சுழற்றினால் கிடைக்கும் சி-ஜி-ஏ, ஜி-ஏ-சி ஆகிய இரண்டும் பொருளற்றவையாதல் வேண்டும். எனவே 60-ஐ மூன்றால் வகுக்க, கிடைப்பது 20. இயற்கையில் உள்ளவையும் இருபதே! இத்துணை அழகிய கணக்கு பொய்யாகவும் இருக்கக்கூடும் என்று எவர்தான் ஐயுறுவார்? ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அறிவுலகம் அதனைப் பெருமதிப்போடு நோக்கியது.

ஆய்வுக்கூடத்தின் விடை

அமெரிக்காவில் வாஷிங்டனுக்கு அருகே பெதஸ்டா என்னும் ஊரில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்ஷல் நைரன்பர்க் என்னும் இளைஞர் பணியாற்றி வந்தார். காமாவின் கழகத்தில் அவர் உறுப்பினர் அல்லர். அப்போது அவர் பெயரை அறிந்தோரும் சிலரே. ஜெர்மனியிலிருந்து வந்த ஹைன்ரிக் மத்தாய் அவருடைய துணை ஆய்வாளர். இருவரும் ஈ.கோலை பாக்டீரியாவை அரைத்து, உயிரணு உடைந்த பின்னும் புரதம் ஆக்கும் திறன் கெடாத சாற்றைப் பக்குவப்படுத்தினர். அச்சாற்றில் யூ என்னும் ஒரே எழுத்து மீண்டும் மீண்டும் வரும் செயற்கை ஆர்.என்.ஏ.-வை இட்டனர். எந்த அமினோ அமிலம் மாலையாகக் கோக்கப்படுகிறது என்று கதிரியக்க அடையாளமிட்ட அமிலங்களைக் கொண்டு சோதித்தனர்.

1961 மே 27 அதிகாலையில் விடை கிடைத்தது. நைரன்பர்க் அப்போது கலிபோர்னியாவுக்குச் சென்றிருந்தார். இரவெல்லாம் விழித்திருந்து சோதனையை முடித்தவர் மத்தாய். ஃபினைல் அலனின் என்னும் ஒரே ஓர் அமினோ அமிலம் மட்டும் மாலையாகக் கோக்கப்பட்டிருந்தது. யூ மட்டுமே கொண்ட சொல்லின் பொருள் ஃபினைல் அலனின். உயிரின் அகராதியில் மனிதன் படித்த முதற்சொல் இதுவே.

அந்த முதற்சொல் எது என்பதைக் கவனியுங்கள். ஒரே எழுத்து மும்முறை வருவதால் பொருளற்றது என்று கிரிக்கின் அழகிய கணக்கு எதனைத் தள்ளி வைத்ததோ, அதே சொல்!

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் மாஸ்கோவில் அனைத்துலக உயிர்வேதியியல் மாநாடு நடந்தது. நைரன்பர்க் தம் கட்டுரையைச் சிறிய அறை ஒன்றில், விரல்விட்டு எண்ணத்தக்க சிலர்முன் படித்தார். செய்தி கிரிக்கின் செவிக்கு எட்டியது. தம் கோட்பாடு இதனால் தகர்ந்துபோகும் என்பதை அவர் உணராதிருக்க இயலாது. ஆயினும் அவர், மாநாட்டின் பேரரங்கில் நைரன்பர்க் மீண்டும் ஒருமுறை பேசுவதற்கு ஏற்பாடு செய்தார். தம் கருத்தை வீழ்த்தியவருக்குத் தாமே மேடை அமைத்துத் தந்த இச்செயல், அறிவியல் வரலாற்றில் அவருடைய கண்டுபிடிப்புகளுக்கு இணையாக வைத்து எண்ணத்தக்கது.

நிறைவெய்திய அகராதி

அதே ஆண்டின் இறுதியில் கிரிக்கும் பிரென்னரும் வேறிருவரோடு சேர்ந்து மற்றோர் உண்மையை நிறுவினர். ஒரு வைரசின் மரபணுவில் ஓர் எழுத்தைக் கூடுதலாக நுழைத்தால் செய்தி சிதைந்தது; இரண்டை நுழைத்தாலும் சிதைந்தது; மூன்றை நுழைத்தால் மீண்டும் பொருள் தந்தது. ஆகவே சொற்கள் மூவெழுத்துச் சொற்களே. தொடங்கிய இடத்திலிருந்து மும்மூன்றாக எண்ணிப் படிப்பதே முறை. இடைவெளியோ காற்புள்ளியோ தேவையில்லை.

எஞ்சிய சொற்களைப் படிப்பதில் பெரும்பங்கு ஆற்றியவர் ஹர் கோபிந்த் கொரானா. அவர் பிறந்தது, இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாபின் ராய்ப்பூர் என்னும் சிற்றூரில், 1922-இல். ஏறத்தாழ நூறு பேரே வாழ்ந்த அவ்வூரில் எழுதப் படிக்கத் தெரிந்தது அவர்கள் குடும்பம் மட்டுமே எனலாம். லாகூரிலும், பின்னர் இங்கிலாந்திலும் பயின்று திரும்பியவருக்கு இந்தியாவில் ஏற்ற பணி கிடைக்கவில்லை; கனடாவுக்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் சென்றார். வேண்டிய வரிசையில் எழுத்துகளை அடுக்கிச் செயற்கை ஆர்.என்.ஏ. செய்யும் கலையை அவர் வளர்த்தார். யூ-சி-யூ-சி என்று மாறி மாறி எழுதிக் கொடுத்தபோது, செரின், லியூசின் என்னும் இரு அமிலங்கள் மாறி மாறிக் கோக்கப்பட்டன. இத்தகைய சோதனைகளாலும், 1964-இல் நைரன்பர்க்கும் ஃபிலிப் லீடரும் கண்ட மற்றொரு முறையாலும், 1966-க்குள் 64 சொற்களும் படிக்கப்பட்டன. 1968-இல் நைரன்பர்க், கொரானா, ராபர்ட் ஹாலி ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரவு விழித்த மத்தாயின் பெயர் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

நிறைவெய்திய அகராதி, எதிர்பார்த்த அழகு எதுவுமின்றி இருந்தது. 61 சொற்கள் அமினோ அமிலங்களைக் குறித்தன. மூன்று சொற்கள் முற்றுப்புள்ளியாக அமைந்தன. லியூசின், செரின், ஆர்ஜினின் ஆகியவற்றுக்கு ஆறாறு சொற்கள். மெத்தியோனின், டிரிப்டோஃபேன் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றே. ஒரே பொருளுக்கு ஆறு பெயர். மற்றொன்றுக்கு ஒரே பெயர். கணித அறிஞர் எவரும் இப்படி அமைத்திருக்கமாட்டார்.

உறைந்துபோன தற்செயலா?

இப்போது வினா மாறியது. ‘குறியீடு யாது?’ என்பது போய், ‘ஏன் இந்தக் குறியீடு?’ என்பது எழுந்தது. 1968-இல் கிரிக் எழுதிய கட்டுரையில் ஒரு விடையை ‘உறைந்த தற்செயல்’ என்று குறிப்பிட்டார். தொடக்கத்தில் எந்தச் சொல்லுக்கு எந்தப் பொருள் என்பது ஓரளவு தற்செயலாகவே அமைந்திருக்கலாம். அமைந்த பின்போ, அதனை மாற்ற இயலாது போயிற்று என்பது அவ்விடை.

ஏன் மாற்ற இயலாது? நம் எழுத்தின் வரலாறே இதனை விளக்கும். முன்னாளில் எகர ஒகரக் குறில்கள் புள்ளியிட்டு எழுதப்பட்டன. ஓலையில் அப்புள்ளி விடுபட்டபோது குறிலும் நெடிலும் மயங்கின. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடில்களுக்குத் தனி வடிவம் தந்து அம்மயக்கத்தை நீக்கினார். 1978-இல் தமிழக அரசு லை, ளை, றா, னா போன்ற சில எழுத்துகளின் வடிவத்தைச் சீர்செய்தது. இரண்டு முறையும் தொட்டவை சில எழுத்துகளே. ‘இனி ககரத்தை மகரமாகப் படியுங்கள்’ என்று எவரும் ஆணையிடவில்லை. அப்படி ஆணையிட்டால், அதுவரை எழுதப்பட்ட நூல்கள் அனைத்தும் ஒரே நாளில் பொருளற்றுப் போகும்.

உயிரணுவின் நிலையும் அதுவே. ஒரு சொல்லின் பொருளை மாற்றினால், அச்சொல் வரும் ஆயிரக்கணக்கான புரதங்கள் அனைத்தும் அந்நொடியே மாறிவிடும். அம்மாற்றங்களுள் சில தீங்கற்றவையாயினும், பல கொல்லும். எனவே புதுமை செய்த உயிரணு அழியும். பழைய அகராதியைக் காத்த உயிரணு பிழைக்கும். உயிரினம் எத்துணையோ மாறியும், மீன் தவளையாகவும் ஊர்வன பறவையாகவும் கிளைத்தும், அவற்றை எழுதிய எழுத்து மட்டும் மாறாமல் நின்றது இதனாலேயே.

ஆனால் 1979-இல் ஒரு திடுக்கிடும் செய்தி வந்தது. நம் உயிரணுக்களின் ஆற்றல் உலையாகிய மைட்டோகாண்டிரியா தனக்கெனச் சிறிய டி.என்.ஏ. ஒன்றை வைத்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அதனைப் படித்தபோது, பொது அகராதியில் முற்றுப்புள்ளியாகிய யூ-ஜி-ஏ அங்கே டிரிப்டோஃபேன் என்று பொருள்படக் கண்டனர். நம் உடலுக்குள்ளேயே ஒரு வட்டார வழக்கு! பின்னர் வேறு விதிவிலக்குகளும் கிடைத்தன. 1985-இல் பாரமீசியம் போன்ற குற்றிழை உயிர்களில் வேறிரு முற்றுப்புள்ளிகளும் சொற்களாக மாறியிருப்பது தெரிந்தது. கேண்டிடா என்னும் பூஞ்சை இனங்கள் சிலவற்றில் சி-யூ-ஜி என்னும் சொல் லியூசினுக்குப் பதிலாகச் செரினைக் குறிக்கிறது.

பனிக்கட்டி முற்றும் உறைந்துவிடவில்லை என்பதை இவை காட்டின. ஆயினும் விதிவிலக்குகள் எங்கே தோன்றின என்பதைப் பார்த்தால், கிரிக்கின் கருத்துக்கு அவை வலுவும் சேர்க்கின்றன. மனித மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ.-வில் எழுதப்பட்டுள்ள புரதங்கள் 13 மட்டுமே. நூல்கள் குறைந்த நூலகத்தில் எழுத்துச் சீர்திருத்தம் எளிது. முற்றுப்புள்ளியோ ஒரு செய்தியில் ஒரே முறைதான் வரும். அதனை மாற்றுவதால் விளையும் கேடும் குறைவு. ஜப்பானிய அறிஞர் சியோசோ ஓசாவாவும் தாமஸ் ஜூக்ஸும் 1989-இல் மற்றொரு வழியையும் விளக்கினர். ஒரு சொல் வழக்கொழிந்து முற்றும் மறைந்தபின், அது வேறு பொருளோடு மீண்டும் வரலாம். மறைந்திருந்த காலத்தில் அதனை நம்பியிருந்த புரதம் எதுவுமில்லை ஆதலின், எவருக்கும் கேடில்லை.

பிழை பொறுக்கும் ஒழுங்கு

அவ்வாறாயின் குறியீடு வெறும் தற்செயல்தானா? அகராதியை அட்டவணையாக்கி ஊன்றி நோக்கியவர்கள் அதில் ஓர் ஒழுங்கைக் கண்டனர். ஒரே பொருளுடைய சொற்கள் பெரும்பாலும் மூன்றாம் எழுத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. ஜி-யூ-யூ, ஜி-யூ-சி, ஜி-யூ-ஏ, ஜி-யூ-ஜி ஆகிய நான்கும் வாலின் என்னும் ஒரே அமிலம். மூன்றாம் எழுத்தில் பிழை நேர்ந்தாலும் பொருள் மாறாது. மேலும், நடுவில் யூ வரும் சொற்கள் அனைத்தும் நீரை வெறுக்கும் அமிலங்களையே குறிக்கின்றன. எனவே அவற்றின் முதலெழுத்தில் பிழை நேர்ந்தால்கூட, வந்து சேரும் அமிலம் பெரிதும் ஒத்த இயல்புடையதாகவே இருக்கும். உப்புக்குப் பதில் இந்துப்பு விழுந்தால் குழம்பு கெடாது. சர்க்கரை விழுந்தால்தானே கெடும்?

எழுத்துப் பிழை உயிருக்குத் தவிர்க்க இயலாதது. படியெடுக்கும்போதும் பிழை நேரும், படிக்கும்போதும் நேரும். அப்பிழைகளின் கேட்டைக் குறைக்கும் வகையில் குறியீடு உருப்பெற்றிருக்கலாம் என்று 1965-லேயே கார்ல் வோஸ் போன்றோர் கூறியிருந்தனர். அதனை எண்ணால் சோதித்தவர்கள் பின்னர் வந்தனர். 1991-இல் டேவிட் ஹெய்கும் லாரன்ஸ் ஹர்ஸ்டும் கணினியில் பத்தாயிரம் கற்பனைக் குறியீடுகளைக் கண்டபடி அமைத்து, பிழை பொறுக்கும் திறனில் இயற்கையின் குறியீட்டோடு ஒப்பிட்டனர். அதனை விஞ்சியவை இரண்டே. 1998-இல் ஸ்டீஃபன் ஃபிரீலேண்டும் ஹர்ஸ்டும், எவ்வகைப் பிழை மிகுதியாக நேரும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, பத்து லட்சம் குறியீடுகளோடு ஒப்பிட்டனர். விஞ்சியது ஒன்றே ஒன்று.

கண்டபடி வீசிய பகடை இப்படி விழாது. பிழையைத் தாங்கவல்ல குறியீட்டைக் கொண்ட தொல்லுயிர்கள் பிழைத்தன, தாங்காதவை அழிந்தன. இயற்கைத் தேர்வு அகராதியையும் செதுக்கியிருக்கிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கொள்ளும் முடிபு. ஆயினும் அது ஒன்றே காரணமன்று. தொடக்கத்தில் சில அமிலங்களே பயன்பட்டு, உயிரணு புதிய அமிலங்களைச் செய்யக் கற்றபோது அவை பழையவற்றின் சொற்களில் சிலவற்றைப் பங்காகப் பெற்றன என்று 1975-இல் ஜெ.டி. வாங் விளக்கினார். பாகப்பிரிவினையில் மகன் தந்தையின் நிலத்திலேயே பங்கு பெறுவது போன்றது இது. சில அமிலங்களுக்கும் அவற்றின் சொற்களுக்கும் இடையே இயல்பான வேதியியல் ஈர்ப்பும் இருந்திருக்கலாம் என்பார் உளர்.

2006-இல் வோஸ் வேறிருவரோடு சேர்ந்து மேலும் ஒரு கருத்தைத் தந்தார். தொல்லுயிர்கள் தனித்தனிக் குடிகளாகப் பிரியாமல், மரபணுக்களைத் தமக்குள் தாராளமாகப் பகிர்ந்து வாழ்ந்தன என்று கொள்வோம். ஒரே மொழி பேசுவோரிடமிருந்துதானே நூல்களைக் கடன் வாங்கிப் படிக்க இயலும்? எனவே பலரும் புழங்கும் குறியீட்டைக் கொண்டவை பிறர் கண்டறிந்த நன்மைகளையும் பெற்றன. தனி வழக்கில் நின்றவை தனிமைப்பட்டு மங்கின. பகிர்ந்து வாழ்ந்ததாலேயே ஒரே மொழி நிலைத்தது. திருந்திய வடிவிலும் நிலைத்தது என்பது அவர்கள் கணினி வழியே காட்டிய கருத்து.

பொறுமைக்கும் எல்லை உண்டு

பிழை பொறுக்கும் குறியீடு என்றாலும், எல்லாப் பிழைகளையும் அது பொறுப்பதில்லை. சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் புரதத்தில், ஜி-ஏ-ஜி என்று இருக்க வேண்டிய ஒரு சொல்லில் நடு எழுத்து மாறி ஜி-யூ-ஜி ஆனால், குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்து அமர்கிறது. நீரை விரும்பும் அமிலத்தின் இடத்தில் நீரை வெறுக்கும் அமிலம்! சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது. இரத்தக் குழாய் அடைபடுகிறது. தாங்கொணா வலி உண்டாகிறது. அரிவாளணு நோய் இதுவே. ஒரே ஓர் அமிலம் மாறியதே காரணம் என்பதை 1956-இல் வெர்னான் இங்கிரம் கண்டறிந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடியினரிடையே இக்கூறு இருப்பதை ஆய்வாளர் கண்டு வெளியிட்டிருந்தனர். அங்குள்ள மருத்துவருக்கும் தாய்மாருக்கும் அது ஆய்வுநூற் செய்தியன்று, அழும் குழந்தை.

அந்தப் பிழை ஏன் அழியாமல் நிற்கிறது? தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றால் நோய் தரும் அதே பிழை, ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரைக் கொடிய மலேரியாவிலிருந்து பெரிதும் காக்கிறது. ஆதலின் மலேரியா மிகுந்த நிலங்களில் அது நிலைபெற்றது. பரிணாமம் கணக்குப் பார்க்கிறது, கண்ணீர் பார்ப்பதில்லை. கண்ணீரைப் பார்க்க வேண்டியவர் நாமே.

இவ்விடத்தில் ஒன்று கூறல் வேண்டும். பத்து லட்சத்தில் ஒன்று என்னும் எண்ணைக் கேட்டவுடன், ‘இதோ, படைத்தவரின் கைநாட்டு!’ என்று ஆர்ப்பரிக்க நம்மில் சிலர் விரும்பலாம். உறைந்த தற்செயல் என்னும் தொடரைக் கேட்டவுடன், ‘இதோ, படைத்தவர் இல்லை!’ என்று முழங்க வேறு சிலர் விரும்பலாம். இருவருமே அவசரப்படுகின்றனர். இயற்கையின் குறியீடு கண்டபடி அமைந்தவற்றுள் பெரும்பாலானவற்றை விஞ்சுகிறது. ஆனால் தேடிச் சென்றால் அதனினும் சிறந்த குறியீடுகளை அமைக்க முடியும் என்பதையும் கணக்குகள் காட்டியிருக்கின்றன. மலையேறத் தொடங்கி, பாதி வழியில் தங்கிவிட்ட பயணியின் நிலை அது. அதில் தேர்வும் உண்டு, தற்செயலும் உண்டு, மாற்ற இயலாத மரபும் உண்டு. இறைவனுக்கு நம் கணக்கில் உள்ள இடைவெளியே இருப்பிடம் என்று கொண்டால், அடுத்த ஆய்வு அவ்விடைவெளியை நிரப்பும்போது நம் விசுவாசமும் ஆட்டம் காணும். காமாவும் கிரிக்கும் இருபது என்னும் எண்ணில் மயங்கிய கதை நமக்கும் எச்சரிக்கையன்றோ?

மனிதன் திருத்திய சுவடி

இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. 2019-இல் கேம்பிரிட்ஜில் ஜேசன் சின் தலைமையிலான குழுவினர், ஏறத்தாழ 40 லட்சம் எழுத்துகள் கொண்ட ஈ.கோலையின் டி.என்.ஏ. முழுவதையும் செயற்கையாக எழுதி முடித்தனர். செரினைக் குறிக்கும் ஆறு சொற்களில் இரண்டையும், முற்றுப்புள்ளிகளில் ஒன்றையும் அடியோடு நீக்கி, 18,214 இடங்களில் அதே பொருளுடைய வேறு சொற்களை இட்டனர். 64 சொற்களுக்குப் பதிலாக 61 சொற்களைக் கொண்டே அப்பாக்டீரியா வாழ்ந்தது; ஆனால் சற்று மெதுவாக வளர்ந்தது. 2021-இல், நீக்கிய சொற்களைப் படிக்கும் கருவிகளையும் அதிலிருந்து அகற்றினர். அப்போது அதனைத் தாக்க வந்த வைரசுகள் அங்கே பெருக இயலாமல் அழிந்தன. வைரசுகளும் பொது அகராதியை நம்பியே வாழ்வன. அவற்றின் செய்தியைப் படிக்க அங்கே ஆள் இல்லை.

பொது மொழியால் நன்மையும் வரும், நோயும் வரும் என்பதை இச்சோதனை காட்டுகிறது. வைரசு நம் உயிரணுவுக்குள் புகுந்து தன் செய்தியைப் படிக்கச் செய்வதும், பாட்டியாரின் இன்சுலினைப் பாக்டீரியா ஆக்கித் தருவதும் ஒரே காரணத்தால்தான். எல்லா உயிரும் ஒரே அகராதியின் பிள்ளைகள். குறைந்தது 350 கோடி ஆண்டுகளாக, கோடானுகோடி முறை படியெடுக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் சிறு பிழைகள் நேர்ந்தும், அச்சுவடி படிக்கும் நிலையிலேயே நம் கைக்கு வந்திருக்கிறது. பிழையே நேராத எழுத்தாக இருந்திருந்தால் புதியது எதுவும் தோன்றியிராது. பிழையைத் தாங்காத எழுத்தாக இருந்திருந்தால் எதுவும் நிலைத்திராது.

அடுத்த முறை குளிர்பதனப் பெட்டியைத் திறக்கையில், கதவோரத்தில் உள்ள அந்தச் சிறு குப்பியை ஒரு நொடி கையில் எடுத்துப் பாருங்கள். மனிதன் எழுதிய கடிதத்தை ஒரு பாக்டீரியா படித்து, அவன் கேட்டதை அனுப்பி வைத்திருக்கிறது.